கயிற்றைத் தொட்டால் விட்டுவிடு

வகுய் தெட்சுசோ பதினாறு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தான். ஒன்றிரண்டு ஆட்டமல்ல, வருஷத்துக்கு இருநூறு. எப்போதும் இரண்டாவது ஆட்டம்தான் அவனுடையது. ஜனங்கள் அப்போதுதான் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். நேற்று மீசை முளைத்த ஒரு பொடியன் வகுயைத் தூக்கி எறிவான், மேலே விழுந்து அமுக்குவான். நடுவர் கோதாவின் தரையை மூன்று தட்டு தட்டுவார். வகுய் முதுகைத் தடவிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவான். யார் ஜெயிக்க வேண்டும், எப்படி ஜெயிக்க வேண்டும் என்பதை முதலாளி இனுமா மத்தியானமே சொல்லிவிடுவார். வலி மட்டும் யாரும் சொல்லிவைக்காமல் தானாக வரும்.

அதே வகுயைக் காலையில், தோக்கியோ பயிற்சிக் கூடத்தில் பார்க்க வேண்டும். அங்கே முடிவு யாரும் சொல்லிவைப்பதில்லை. முந்தின நாள் அவனை ஜெயித்த பொடியன் இப்போது அவன் நெஞ்சுக்கு அடியில் கிடந்து, மூச்சுக்குத் தவித்து, தரையைப் பிறாண்டுவான். சில பேர் கால்சட்டையை நனைத்ததும் உண்டு. சாம்பியனுக்கும் அதே கதிதான். முதலாளிக்கும் அதே கதிதான், அதை மட்டும் யாரும் வெளியே பேசுவதில்லை.

அதனால் வகுய்க்கு இன்னொரு வேலையும் இருந்தது. "உங்க மல்யுத்தம் வெறும் கூத்து, தைரியம் இருந்தா ஒருத்தன் என்னோட நின்னு காட்டுங்க" என்று கூடத்து வாசலுக்கு அவ்வப்போது எவனாவது வந்து நிற்பான். கராத்தேக்காரன், சுமோவிலிருந்து விரட்டப்பட்டவன், குடித்துவிட்டு வந்த சிப்பாய். முதலாளி ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்: வருகிறவன் நடந்து வரலாம், நடந்து போகக் கூடாது. அவர் கதவைச் சாத்திவிட்டு வகுயைப் பார்த்துத் தலையசைப்பார். கராத்தேக்காரனுக்கு முழங்கால் போனது. சுமோக்காரனுக்குக் கணுக்கால். ஈர விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதற்கப்புறம் அந்த ஆள் கூச்சல் போடுவான், வகுய் எழுந்து துடைப்பத்தை எடுத்து வந்து கோதாவைச் சுத்தம் செய்வான். இதை ஒரு பத்திரிகைக்காரனும் பார்த்ததில்லை, ஒரு ரசிகனும் பார்த்ததில்லை.

பார்க்காதவர்களில் ஒருவன் அவன் அண்ணன் சோகிச்சி. வகுய்க்கு அந்த ஒரு ஆள்தான் முக்கியம்.

வடக்கே முராகாமியில், மியோமோதே ஆற்றங்கரையில், அண்ணனுக்கு மீன் கடை. சால்மன் ஏறி வரும் பருவத்தில் ஆற்றில் பிடித்து, மண்டையில் கட்டையால் ஒரு போடு போட்டு, உப்புத் தேய்த்து, கூரை இறவாணத்தில் வரிசையாகத் தொங்கவிடுவான். ஒரே அடிதான். இரண்டாவது அடி போட்டால் மீனுக்கு மரியாதை இல்லை என்பது அவன் கட்சி. முதன்முதலாகத் தம்பி டிவியில் வருகிறான் என்று முடிதிருத்தும் கடையில் அரை ஊரைக் கூட்டிவைத்துப் பார்த்தவனும் அவன்தான். நாலே நிமிஷத்தில் இருபது வயசுப் பையன் ஒருவன் தம்பியை மல்லாத்தினான். அரை ஊரும் சிரித்தது. அன்றிலிருந்து அண்ணன் முந்திக்கொண்டான். ஊர் கேலி செய்வதற்கு முன்னால் தானே கேலி செய்துவிடுவான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் திதியன்று, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சோகிச்சி எழுந்து, தன்னைத் தானே கன்னத்தில் அறைந்துகொண்டு, அய்யோ அய்யோ என்று தள்ளாடி விழுந்து காட்டினான். பெரியவர் சின்னவர் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என் தம்பிக்கு இதுக்குத்தான் சம்பளம்" என்றான் சோகிச்சி.

வகுயும் சிரித்துவைத்தான். அவன் விலா எலும்பில் இரண்டு அப்போது உடைந்து கட்டுப் போட்டிருந்தது. அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் நடித்துக் காட்டுவான் அந்தப் பாவி. வகுய்க்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அண்ணன் வாயால் ஒரே ஒரு தடவை, உன் வேலை பொய்யில்லை என்று வர வேண்டும். முப்பத்தேழு வயசு மனுஷனுக்கு இது ஒரு ஆசையா என்று கேட்டால், ஆமாம், அதுதான் ஆசை.

அந்தத் திதிக்கு மூன்று வருஷம் கழித்து, நவம்பரில் மல்யுத்தக் கம்பெனியின் பஸ் முராகாமிக்குப் போயிற்று. சொந்த ஊரில் ஒருவனைத் தோற்கடிப்பதில்லை என்பது அந்தத் தொழிலில் எழுதாத வழக்கம். எத்தனை மட்டமான ஆட்டக்காரனும் தன் ஊரில் அன்றைக்கு மட்டும் ஜெயிப்பான். முதலாளி ஒரு படி மேலே போய், வகுய்க்குக் கடைசி ஆட்டத்தையே கொடுத்திருந்தார். எதிராளி தோமோன். புருவத்தைச் சிரைத்துக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டு, குழந்தைகளை அழவைக்கிற வில்லன். கோதாவுக்கு வெளியே பூனைக்குட்டி வளர்க்கிற ஆள், பத்து வருஷமாக வகுயின் அறைத்தோழன்.

"பதினஞ்சு நிமிஷம் நான் உன்னக் கொல்றேன்," என்றான் தோமோன் பஸ்ஸில், ஆரஞ்சுப்பழத்தை உரித்துக்கொண்டே. "அப்பறம் நீ உன் கைப்பூட்டப் போடு. நான் கத்துற கத்துல உங்க ஊரு மீனெல்லாம் கடலுக்கே திரும்பிப் போயிரும். நடுவர் மணியடிக்கச் சொல்வாரு. சரியா."

"எங்கண்ணன் வருவான்."

"வரட்டுமே. அவரு கேட்டா என் கை அம்மா வீட்டுக்குப் போயிருச்சுன்னு சொல்லிருவோம்."

நகர விளையாட்டரங்கில் ஆட்டக்காரர்களே பலகை அடுக்கி, கான்வாஸ் விரித்து, கயிறு இழுத்துக் கட்டினார்கள். பன்னிரண்டரை மணிக்குக் கோதா தயார். கயிற்றின் இறுக்கத்தை வகுய் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. ரப்பர் பூட்ஸும் மீன் நாற்றமுமாகச் சோகிச்சி வந்துகொண்டிருந்தான். கூடவே கதவை அடைக்கிற அகலத்தில் ஒருவர். இரண்டு காதும் நசுங்கிப்போயிருந்தன. ஜூடோ உடுப்பை மடித்து, கறுப்பு பெல்ட்டால் கட்டி, தோளில் போட்டிருந்தார்.

வகுய்க்கு அவரைத் தெரியும். செகியா வாத்தியார். ஊரில் எலும்பு பிசகினால் அவரிடம்தான் போவார்கள், சாயங்காலமானால் அவரே பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுப்பார். போன மாதம் சோகிச்சியின் இடுப்பைப் பிடித்துவிட்டதும் அவர்தான். இரண்டு பேரிடமும் மத்தியானச் சாராயத்தின் வாசம் இருந்தது, நிதானம் தவறுகிற அளவுக்கு இல்லை.

"என்ன தெட்சு, ராத்திரி ஜெயிக்கிறியாமே," என்றான் சோகிச்சி. "ஊரு பூரா சொல்லிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறானுங்க. சொந்த ஊர்ல யாரையும் தோக்க விடமாட்டாங்க, அதான்னு சொன்னேன்."

"எதுக்குண்ணே வாத்தியாரக் கூட்டிட்டு வந்த?"

"நேத்து குடிக்கும்போது பேச்சு வந்துச்சு. வாத்தியாரு ஒத்தக் கையில உன்னத் தூக்கிப் போட்ருவாருன்னேன். அவரும் பாத்துரலாமேன்னாரு."

செகியா வாத்தியார் வகுயைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்கிட்டப் படிக்கிற புள்ளைங்க உங்க ஆட்டத்தப் பாத்துட்டு வந்து கயித்துல தொங்குதுங்க. எது நிஜம், எது கூத்துன்னு அதுங்களுக்கு நான் பதில் சொல்லணும். உங்க ஆள்ல ஒருத்தர் என்னோட நின்னாருன்னா எனக்கே தெரிஞ்சிரும். நான் தோத்துட்டா வாசல்ல நின்னு உள்ளதச் சொல்வேன்."

முதலாளி இனுமா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். அவர் கையில் எப்போதும் ஒரு மூங்கில் கழி இருக்கும், ஆட்டக்காரர்களின் தொடையில் அதன் வரிகள் இருக்கும். ஆட்டத்துக்கு வந்திருந்த உள்ளூர் நிருபர்கள் இரண்டு பேரைச் சாப்பிட அனுப்பினார். ஆட்டக்காரர்களைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். கதவைத் தானே தாழ்ப்பாள் போட்டார்.

"வகுய்," என்றார்.

வகுய் நகரவில்லை. "முதலாளி, இவரு எங்க ஊர்க்காரரு. கையாலதான் பொழைக்கிறாரு."

"நீ எதுல பொழைக்கிற?"

சுவரோரத்தில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டோரம் சிரிப்போடு நின்றான். திதியன்று நின்ற அதே நிற்பு. வகுய் சட்டையைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக்கு நடுவே நுழைந்தான். உண்மையைச் சொன்னால், அவன் உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷப்பட்டான். பதினாறு வருஷமாகப் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்ததை இன்றைக்கு அண்ணன் உள்ளே நின்று பார்க்கப்போகிறான்.

வாத்தியார் ஜூடோ உடுப்பை மாட்டிக்கொண்டு ஏறி வந்தார். விதி எதுவும் யாரும் சொல்லவில்லை. முதலாளி கழியால் கோதாவின் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான் தொடக்கம்.

செகியா வாத்தியார் பேச்சுக்கு வந்தவரல்ல. இரண்டாவது மூச்சு விடுவதற்குள் வகுயின் கழுத்துக்குப் பின்னால் ஒரு கை, கக்கத்தில் ஒரு கை, உள்தொடையில் ஒரு கால். வகுயின் நூறு கிலோவும் தலைகீழாகப் போய் முதுகடிபட விழுந்தது, பலகை அதிர்ந்தது. ஆனால் விழுவதற்குத்தானே பதினாறு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை விரித்து விழுந்தவன், விழுந்த வேகத்திலேயே வாத்தியாரின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

தரைக்கு வந்தபின் ஆட்டம் மாறியது. வகுய் தன் மோவாயை அவர் கண்ணுக்குக் கீழே வைத்து அழுத்தினான். முழங்காலை விலாவில் ஏற்றினான். வாத்தியார் அவன் காதைக் கடித்தார், ஒரு துண்டு சதை அவர் பல்லோடு போயிற்று. வகுய் முழங்கையால் அவர் மூக்கில் இரண்டு தடவை இறக்கினான், மூக்கு ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. ரத்தம் வெள்ளை உடுப்பில் இறங்கியது. எந்தக் கூச்சலும் இல்லை. மூச்சு வாங்கும் சத்தமும் கான்வாஸ் உரசும் சத்தமும்தான். டிவி மல்யுத்தத்தில் எழும் உறுமல் எதுவும் இல்லாததே சோகிச்சிக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். அவன் கட்டியிருந்த கை பிரிந்தது.

நாலாவது நிமிஷத்தில் வகுய்க்குக் கை கிடைத்தது. வாத்தியாரின் வலது கை. மணிக்கட்டை ஒரு கையால் பற்றி, மறு கையை உள்ளே கொடுத்துத் தன் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டான். பூட்டு விழுந்துவிட்டது. இனி முதுகுப் பக்கம் நெருக்க வேண்டியதுதான் பாக்கி. வாத்தியார் துள்ளினார், புரண்டார், இரண்டு பேரும் ஓரம் வரை உருண்டார்கள். அவர் குதிகால் போய் அடிக் கயிற்றில் பட்டது.

வகுய் விட்டுவிட்டான்.

யோசித்து விட்டதல்ல. எதிராளியின் கைகால் கயிற்றைத் தொட்டால் பிடியை விட வேண்டும் என்பது கோதாவின் முதல் பாடம். மூவாயிரம் ஆட்டத்தில் மூவாயிரம் தடவை விட்டிருக்கிறான். நடுவர் அருகே வந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் இரண்டு கையையும் விரித்துக் காட்டி விலகுவான். இப்போதும் அப்படியே இரண்டு கையையும் விரித்தான். நடுவரைத் தேடித் தலையைத் திருப்பினான். அங்கே நடுவர் எங்கே இருக்கிறார்.

வாத்தியாரின் நெற்றி அவன் இடது புருவத்தில் மோதியது. தோல் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அடுத்து அந்தக் கண்ணுக்குள்ளேயே கட்டைவிரல் வந்தது. எலும்பு பிடித்துப் பிடித்து உரமேறின விரல். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. வகுய் அலறினான், அன்றைக்குக் கேட்ட முதல் அலறல் அவனுடையது.

சுவரோரத்திலிருந்து சிரிப்பு வந்தது.

"பாத்தீங்களா, கயித்தத் தொட்டதும் விட்டுட்டான்," என்றான் சோகிச்சி. "நான் சொல்லல? நெசமாச் சண்ட போடத் தெரிஞ்சவன் விடுவானா?"

அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. வகுய் கண்ணிலிருந்த விரலோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்தான். விரலைப் பிடுங்கினான், பிடுங்கும்போதே பின்னால் மடக்கினான், அது ஒடிந்தது. வாத்தியாரை இடுப்போடு கட்டித் தூக்கி, மூன்று எட்டு நடந்து, கோதாவின் நடு மத்தியில் முகம் குப்புறப் போட்டு மேலே விழுந்தான். மறுபடி அதே கை, அதே பூட்டு. இந்த முறை எல்லாப் பக்கமும் கயிறு மூன்று மீட்டர் தள்ளி இருந்தது.

நெருக்கினான். மணிக்கட்டு முதுகெலும்பைத் தாண்டியது. தோள்மூட்டு நறநறவென்றது. வாத்தியார் இடது கையால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். போதும், ஒப்புக்கொள்கிறேன் என்று ஜூடோக்காரர்கள் காட்டும் அடையாளம். தட்டினதும் விடுவார்கள், அவர்கள் பாடம் அது. யாரும் நகராததைப் பார்த்து மறுபடி தட்டினார். அப்புறம் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

வகுய் ஒற்றைக் கண்ணால் முதலாளியைப் பார்த்தான்.

"எதுக்கு என்னப் பாக்குற? இங்க கயிறு கெடையாது வகுய்," என்றார் முதலாளி. "ஒடி."

"தெட்சு," என்றான் சோகிச்சி. குரலில் சிரிப்பு ஒரு துளி இல்லை. கோதாவின் ஓரம் வரை ஓடிவந்திருந்தான். "விட்ருடா. போதும். வாத்தியாரு ஒத்துக்கிட்டாரு. தெட்சு, கை போயிரும்டா, விடு."

அண்ணன் நம்பிவிட்டான். பயந்து நடுங்குகிற அந்தக் குரலைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. வகுய் கேட்ட வரம் கைக்கு வந்துவிட்டது, இனி விட்டுவிடலாம். ஆனால் கண்ணில் ரத்தம், காதில் அந்தச் சிரிப்பு, முதுகில் முதலாளியின் பார்வை. அவன் விடவில்லை. ஒரேயடியாக முறிக்கவும் இல்லை. நீ பார், நன்றாகப் பார் என்கிற மாதிரி மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினான். முதலில் தோள் குழியிலிருந்து கழன்றது. அப்புறம் முழங்கை எதிர்ப்பக்கமாகப் போயிற்று. ஈர விறகின் சத்தம் காலி அரங்கத்தில் சுவர்வரை போய்த் திரும்பியது.

செகியா வாத்தியார் கத்தவில்லை. வாந்தி எடுத்தார். பிறகு முகமெல்லாம் வேர்த்துப்போய், கம்மிய குரலில், கூடி நின்ற ஆட்டக்காரர்களுக்கே வழி சொன்னார். "முழங்கையத் தொடாதீங்க. பலகை ரெண்டு வேணும். இப்படியே வச்சுக் கட்டுங்க, நேராக்கப் பாக்காதீங்க." ஊருக்கெல்லாம் கட்டுப் போட்டவர், தன் கைக்குக் கட்டுப் போடுவதையும் தானே மேற்பார்த்தார். தோமோன் தன் தோல் பெல்ட்டை அவிழ்த்துக் கொடுத்தான்.

சோகிச்சி அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வாசல்வரை போனான். அங்கே நின்று திரும்பினான்.

"மீனக்கூட நான் இப்படிக் கொன்னதில்ல," என்றான்.

வகுய் துடைப்பத்தை எடுத்துவந்தான். கோதாவைச் சுத்தம் செய்தான். ஒரே இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் தோமோன் அவன் புருவத்துக்கு நூல் போட்டான். மயக்க மருந்தெல்லாம் கிடையாது, கம்பெனிச் சமையல்காரரிடம் வாங்கின சாராயம்தான். இடது கண்ணில் வெளிச்சம் தெரிந்தது, உருவம் தெரியவில்லை. அரங்கத்துக்குள் ஜனம் நிறைந்துகொண்டிருப்பது சுவர் வழியாகக் கேட்டது. வணிகர் சங்கம் முன்வரிசை முழுவதையும் எடுத்திருந்தது.

"முடியலன்னா சொல்லு," என்றான் தோமோன். "அஞ்சு நிமிஷத்துலயே கைய நீட்டிர்றேன். நீ பூட்டு, நான் கத்தறேன், வீட்டுக்குப் போவோம்."

"வேணாம். சொன்னபடி ஆடுவோம்."

"உங்கண்ணன் வந்திருக்காரு. முன்வரிசையில, நடு நாற்காலி. ஆஸ்பத்திரியில இருந்து நேரா வந்திருப்பாரு போல, பூட்ஸெல்லாம் ரத்தம்."

வாத்தியாரின் கை என்ன ஆயிற்று என்று போய்க் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பது சின்ன வார்த்தை. தன் கையையே வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அரங்கத்தின் எல்லாப் பக்கமிருந்தும் கலர் காகிதச் சுருள்கள் பறந்துவந்து கோதாவில் விழுந்தன. பதினாறு வருஷத்தில் அவனுக்காக ஒரு சுருள்கூட விழுந்ததில்லை. ஊரே தெட்சு, தெட்சு என்று கத்தியது. முடிதிருத்தும் கடைக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றார். சோகிச்சி மட்டும் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, நிமிர்ந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

தோமோன் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தான். மடக்கு நாற்காலியால் முதுகில் அடித்தான். இரும்புக் கம்பத்தில் மண்டையை மோதினான். தையல் பிரிந்து ரத்தம் நெஞ்சுவரை ஒழுகியது, முன்வரிசைப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"பயப்படாதம்மா, தக்காளிச் சாறு," என்று சங்கத் தலைவர் சத்தமாகச் சொல்வது கேட்டது. "நம்ம சோகிச்சிதான் எல்லாத்தையும் சொல்லிட்டாரே. என்ன சோகிச்சி, சரிதான?"

சோகிச்சி கோதாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பதினைந்தாவது நிமிஷம் தோமோன் ஓங்கி ஒரு குத்துவிட்டுக் குறி தவறினவன் மாதிரி வலது கையை நீட்டிக் கொடுத்தான். வகுய் பிடித்தான், உள்ளே கை கொடுத்தான், பூட்டினான், கோதாவின் நடு மத்தியில் முகம் குப்புறச் சாய்த்தான். மத்தியானம் போட்ட அதே இடம். விரல் வெறுமனே தோலைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு குழந்தையின் கையை அப்படிப் பிடித்தாலும் வலிக்காது. தோமோன் பிரமாதமாக அலறினான். காலை உதைத்தான். இடது கையால் தரையைத் தட்டித் தட்டிக் கெஞ்சினான். ஊர் எழுந்து நின்று கொண்டாடியது. ஒடி, ஒடி என்று ஆயிரம் பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

"விட்ருடா."

வகுய்க்கு அந்தக் குரல் எல்லாக் குரலையும் தாண்டிக் கேட்டது. சோகிச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து கோதாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"தெட்சு, அவரும் தட்டுறாருடா. உன் கண்ணுக்குத் தெரியலயா? ஒடிஞ்சிரும். நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஊர்ல யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். விட்ரு தெட்சு."

முன்வரிசையில் சிரிப்பு வெடித்தது. "யோவ் சோகிச்சி, கூத்துய்யா. நீதான சொன்ன?" என்று யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சங்கத் தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சோகிச்சி அந்தக் கையை உதறினான், அவன் அழுதுகொண்டிருந்தான்.

நடுவர் மணியடிக்கச் சொல்லக் கையைத் தூக்கிவிட்டார். இன்னும் ஒரே ஒரு நொடி பிடித்திருந்தால் போதும். வகுய் ஜெயித்திருப்பான், ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

வகுய் விட்டுவிட்டான். இரண்டு கையையும் விரித்து, அண்ணன் பக்கமாகக் காட்டினான்.

தூக்கிய கையோடு நடுவர் அப்படியே நின்றார். தோமோன் அரை நொடி குப்புறக் கிடந்தபடியே விழித்தான்.

"என்னடா பண்ற? பூட்டு, பூட்டு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"முடியாது."

"பைத்தியமா உனக்கு? கழியோட நிக்கிறாருடா அந்தாளு."

"முடியாதுடா. என்ன அமுக்கு."

வேறு வழி தெரியாமல் தோமோன் புரண்டு அவன் மேல் ஏறிப் படுத்தான். நடுவர் மண்டியிட்டு ஒன்று தட்டினார். "தோளத் தூக்கு," என்று கெஞ்சினான் தோமோன் காதோரம்; ஒரு தோள் தரையை விட்டு எழும்பினால் எண்ணிக்கை செல்லாது. இரண்டு தட்டினார், மூன்றாவது தட்டுக்கு முன்னால் தன்னால் முடிந்த மட்டும் தாமதித்தார். "தூக்குடா, உன் ஊருடா இது." வகுய் தூக்கவில்லை. மூன்று.

சொந்த ஊரில் ஒருவன் தோற்று அந்த ஜனங்கள் பார்த்ததில்லை. கைதட்டுவதா, திட்டுவதா என்று தெரியாமல் அரங்கம் வாயடைத்துப்போயிற்று. திரையோரத்தில் முதலாளியின் மூங்கில் கழி தெரிந்தது.

சோகிச்சி கயிற்றுக்கு அடியில் புகுந்து மேலே ஏறிவந்தான். தம்பியைத் தாண்டிப் போய், அந்த மொட்டைப் புருவக்காரன் எதிரே மண்டியிட்டு, அவன் வலது கையை இரண்டு கையாலும் எடுத்தான். மீன் வாங்கும்போது எடை பார்க்கிற மாதிரி மெல்லத் தாங்கிப் பிடித்தான்.

"கை நல்லாருக்குங்களா?" என்றான்.

ஜனங்கள் முன்னால் ஒருநாளும் மரியாதையாக ஒரு வார்த்தை பேசியிராத தோமோன், நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, தலை குனிந்தான்.

"நல்லாருக்குங்கண்ணே. ஒண்ணும் ஆகல. உங்க தம்பி விட்டுட்டாரு."

வகுய் மல்லாந்து படுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.